டாக்டர் என்று எழுதிய பிளெக்ஸ்

ஒலக்கூருக்கு மேற்கே நாலு கிலோமீட்டர் உள்ளே போனால் ஒரு பஸ் நிறுத்தம் வரும். இரண்டு வருஷத்துக்கு முந்தின ஐப்பசியில், அங்கே இரண்டு சவுக்குக் கழிகளை நட்டு ஒரு பிளெக்ஸ் கட்டினார்கள். எட்டடி உயரம். நடுவில் லூர்துமேரி வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு, கழுத்தில் ஸ்டெதஸ்கோப்போடு சிரித்துக்கொண்டு நின்றாள். அந்தக் கோட்டு அவளுடையதல்ல, பிளெக்ஸ் கடைக்காரன் கம்ப்யூட்டரில் மாட்டிவிட்டது. அவள் எடுத்த படத்தில் கட்டியிருந்தது மாம்பழ நிறச் சேலை. ஒரு மூலையில் மாதா. இன்னொரு மூலையில் இறந்துபோன அப்பா சின்னக்கண்ணு, அம்மா முனியம்மாள். முனியம்மாள் கல்யாணத்துக்காக ஞானஸ்நானம் வாங்கி மரியம்மாள் ஆனவள்தான், ஆனால் சாகிறவரைக்கும் ஊரில் ஒருத்தரும் அவளை அப்படிக் கூப்பிடவில்லை.

படத்துக்குக் கீழே பெரிய எழுத்தில், "எங்கள் வீட்டு டாக்டர் லூர்துமேரியின் மேல்படிப்பு சிறக்க வாழ்த்துகிறோம்" என்று இருந்தது. அதற்கும் கீழே வாழ்த்துகிறவர்கள் பெயர் இருபத்து மூன்று. முகையூரில் வாழ்க்கைப்பட்ட சின்னத்தை, அவள் இரண்டு பிள்ளைகள், செங்கல்பட்டுப் பக்கம் போய்த் தங்கிவிட்ட பெரியப்பா மகன் தேவா, ஒருத்தரும் விடுபடவில்லை. எல்லாருக்கும் முதலில், தடித்த எழுத்தில், அண்ணன் மாசிலாமணி.

அந்தப் பிளெக்ஸைக் கட்டியவன் மாசிலாமணிதான். தங்கைக்கும் அவனுக்கும் ஒன்பது வருஷ வித்தியாசம். அப்பா போனபோது அவன் எட்டாவது படித்துக்கொண்டிருந்தான். மறுநாளிலிருந்து பள்ளிக்கூடம் போகவில்லை. கரும்பு வெட்டினான், செங்கல் சூளையில் மண் மிதித்தான், ஊரில் நிலபுலன் உள்ள சுப்பராயலுவின் கழனியில் ஏர் ஓட்டினான். தங்கையை மட்டும் ஒருநாளும் களை எடுக்க அனுப்பவில்லை. அவள் பி.எஸ்ஸி. நர்சிங் முடித்து, திண்டிவனத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் ஐசியுவில் ஆறு வருஷம் வேலை பார்த்து, முப்பத்தோராவது வயதில் மறுபடி படிக்கப் போகிறேன் என்றபோது, மாப்பிள்ளை பார்ப்பதை நிறுத்திவிட்டுப் பிளெக்ஸ் கடைக்குப் போனவன் அவன்.

பஸ்ஸை விட்டு இறங்கிய லூர்துமேரி தன் படத்தையே பார்த்து மிரண்டு நின்றாள்.

"அண்ணா, இன்னா இது? நான் டாக்டர் இல்ல."

"பின்ன இன்னா?"

"நர்ஸ் பிராக்டிஷனர். அதுக்கு எம்.எஸ்ஸி. படிக்கப் போறேன்."

"அதத்தான் எழுதச் சொன்னேன். ரெண்டு வரி ஆவுது, மாதா படத்துக்கு எடம் பத்தாதுன்றான் கடைக்காரன்."

"வெளையாடாதண்ணா. ஐசியுல சாவப் பொழைக்கக் கெடக்கற பெரியவங்கள டாக்டர் கூட நின்னு பாக்கற படிப்பு இது. மூச்சு மெஷினு எவ்ளோ வெக்கணும், மருந்து எவ்ளோ ஏத்தணும் எல்லாம் நானே பாத்து முடிவு பண்ணக் கத்துக்கணும். ஆனா கையெழுத்து டாக்டரோடது."

"அவரு கையெழுத்து போட வர்றதுக்குள்ள நீ எல்லாத்தையும் முடிச்சி வெச்சிருப்ப. அப்ப யாரு டாக்டரு?"

"அவருதான்."

மாசிலாமணியின் முகம் அப்படியே விழுந்துவிட்டது. கழியைப் பிடித்துக்கொண்டிருந்த கையை எடுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டான். அவன் மனைவி மலர்விழி பின்னாலிருந்து கண்ணைக் காட்டினாள், விடு என்பதுபோல. லூர்துமேரி விட்டுவிட்டாள். இரண்டு நாள் கழித்துக் கிழிந்துவிடப்போகிற பிளெக்ஸ்தானே என்று நினைத்தாள்.

பிளெக்ஸ் கிழியவில்லை. நல்ல கனமான துணியாகப் பார்த்து அடித்திருந்தான்.

எதிர்ச்சாரியில் டீக்கடை. அங்கே உட்கார்ந்திருந்த சுப்பராயலு ஒருநாள் பத்துப் பேர் நடுவில் கேட்டார்: "ஏம்பா மாசிலாமணி, ஊசி போடறவளுக்கு டாக்டருன்னு போட்டுட்டியே, நாளைக்கு ஒரு டாக்டரு வந்தா இன்னான்னு போடுவ? கலெக்டருன்னா?"

எல்லாரும் சிரித்தார்கள். மாசிலாமணியும் கூடச் சிரித்தான். டம்ளரை வைத்துவிட்டு எழுந்திருக்கும்போது சொன்னான்: "உங்களுக்கு நெஞ்சு வலிச்சா எங்க வீட்டுப் பக்கம் வாங்க ரெட்டியாரே. அப்ப தெரியும், ஊசியா டாக்டரான்னு."

அதற்கும் சிரித்தார்கள். ஆனால் அந்தப் பேச்சு அவனுக்குள் தங்கிவிட்டது. அதற்குப் பிறகு தங்கையைப் பற்றிப் பேசினால் டாக்டர் என்று சேர்க்காமல் அவன் பேசியதே இல்லை. ஊரும் மெல்ல அப்படியே கூப்பிடப் பழகியது. ஞாயிற்றுக்கிழமை அவள் வந்தால் பூசை முடிந்த கையோடு நாலைந்து பேர் சர்க்கரை, பிரஷர் என்று வந்து நிற்பார்கள். அவள் பிரஷர் பார்த்துச் சொல்வாள், ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்வாள். டாக்டரம்மா என்று கூப்பிட்டால் முதலில் தலையை ஆட்டி மறுத்தாள். பிறகு மறுப்பதை விட்டாள். உண்மையைச் சொல்வதென்றால் அந்தச் சத்தம் காதில் விழும்போது அவளுக்குக் கொஞ்சம் இனிக்கவும் செய்தது.

படிப்பு அவ்வளவு இனிக்கவில்லை. திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி போகிற ரோட்டில் இருந்தது கல்லூரி, ஆஸ்பத்திரி அதை ஒட்டியே. பாடம் நடத்துகிற பெண்களில் பாதிப் பேர் அவளைவிட வயதில் சின்னவர்கள். வாரத்தில் முக்கால்வாசி நேரம் ஐசியுவில்தான் படிப்பு. நோயாளியின் தலையிலிருந்து கால்வரை பார்த்து, ரத்தத்தின் கணக்கை வாசித்து, இவருக்கு இப்போது என்ன செய்யவேண்டும், ஏன் செய்யவேண்டும் என்று காலையில் டாக்டர் ஆனந்தராஜ் முன்னால் நின்று இங்கிலீஷில் சொல்லவேண்டும். பன்னிரண்டாவது வரைக்கும் தமிழில் படித்தவள். ஆறு வருஷமாகக் கை தானாகச் செய்துகொண்டிருந்த வேலைக்கு வாய் காரணம் சொல்லத் திணறியது.

"கை தெரிஞ்சிக்கினு செய்யுது, வாய்க்குத் தெரியலையா சிஸ்டர்?" என்று ஆனந்தராஜ் ஒருநாள் கேட்டார். அவரும் மயிலம் பக்கத்து ஆள்தான். "தமிழ்லயே சொல்லுங்க மொதல்ல. அப்புறம் மாத்திக்கலாம்."

தமிழில் சொன்னாள். ஒன்றுவிடாமல் சரியாக இருந்தது. அதிலிருந்து அவளுக்குப் பிடி கிடைத்தது. முதல் வருஷம் முடிவதற்குள், மூச்சு மெஷினிலிருந்து ஒருவரை எப்போது விடுவிக்கலாம் என்பதை அவள் சொன்னால் ஆனந்தராஜ் மறுபேச்சுப் பேசாமல் கையெழுத்துப் போடும் அளவுக்கு வந்துவிட்டாள்.

இரண்டாம் வருஷம் ஆய்வு ஒன்று எழுதவேண்டும். அவள் எடுத்துக்கொண்டது மாரடைப்பு வந்தவர்கள் ஏன் தாமதமாக ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள் என்பது. அவளே கண்ணால் பார்த்த விஷயம். காலையில் வலி வந்தவர் சாயங்காலம் வருவார், இதயத்தில் பாதி செத்திருக்கும். அறுபது பேரைக் கேட்டு எழுதவேண்டும். அதற்கு ஒரு தாள் தயாரித்தாள். வலி எத்தனை மணிக்கு வந்தது, முதலில் யாரிடம் சொன்னீர்கள், ஏன் உடனே கிளம்பவில்லை. காரணங்களுக்குக் கட்டம் போட்டிருந்தாள்: வாயு, கேஸ் என்று நினைத்தோம், வண்டி இல்லை, வேலை முடியட்டும் என்று இருந்தோம், மகன் வரட்டும் என்று இருந்தோம். வழிகாட்டி பிரபாவதி மேடம் பார்த்துவிட்டு நன்றாயிருக்கிறது என்றார். சித்திரை பிறப்பதற்குள் நாற்பத்தொரு பேரைக் கேட்டு முடித்திருந்தாள். அத்தனை பேரைக் கேட்டவள், தன் வீட்டில் ஒருத்தரையும் கேட்கவில்லை.

சித்திரையில் மல்லாட்டை பிடுங்கினார்கள், நிலக்கடலைக்கு அங்கே அதுதான் பெயர். மாசிலாமணி சுப்பராயலுவிடம் குத்தகைக்கு எடுத்திருந்த அரை ஏக்கர் அது. அன்று வெள்ளிக்கிழமை. காலை ஏழரை மணிக்குச் செடியைக் குனிந்து பிடுங்கிக்கொண்டிருந்தவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். நெஞ்சு கரிக்கிறது என்றான். இடது தோளைப் பிசைந்துகொண்டான். மலர்விழி சோடா வாங்கிவந்து கொடுத்தாள், தைலம் தேய்த்தாள். வேர்வை நிற்கவில்லை.

"திண்டிவனம் போயிட்டு வந்துடலாம் வாங்க. இருவது நிமிசம்."

"மேரிக்கு போன் போடு. அவ இன்னா சொல்றாளோ அதும்படி செய்யலாம்."

மலர்விழி போட்டாள். ஐசியுவுக்குள் போன் கொண்டுபோகக் கூடாது, லூர்துமேரியின் போன் பெட்டிக்குள் கிடந்தது. அண்ணி ஏழு தடவை கூப்பிட்டது, பத்தரை மணிக்கு அவள் தண்ணீர் குடிக்க வெளியே வந்தபோதுதான் தெரிந்தது. திரும்பக் கூப்பிட்டாள். மலர்விழி சொன்னதெல்லாம் அந்தத் தாளில் நாற்பத்தொரு தடவை எழுதிய அதே வார்த்தைகள்.

"அண்ணி, கேஸு இல்ல அது! ஒன் நாட் எய்ட்டுக்கு நான் சொல்றேன். வண்டி வந்ததும் ஏத்திடுங்க."

அவளே ஆம்புலன்சுக்குச் சொன்னாள். சொல்லிவிட்டு ஆனந்தராஜிடம் ஓடினாள். அவர் ஒரு வார்த்தைதான் சொன்னார், "ஓடுங்க." பஸ் ஏறிவிட்டாள்.

ஆம்புலன்ஸ் கால்மணி நேரத்தில் வந்துவிட்டது. மாசிலாமணி ஏற மறுத்துவிட்டான். "ஒண்ணும் இல்லீங்க. என் தங்கச்சி டாக்டரு. வந்துக்கினு இருக்கா. அவ பாத்துச் சொல்லட்டும்." வந்தவர்கள் எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தார்கள். டீக்கடையே களத்துமேட்டுக்கு எழுந்து வந்து பார்த்துக்கொண்டிருந்தது. அதுதான் அவனுக்கு முள். வர விருப்பமில்லை என்று எழுதிய தாளில் அவன் தன் கையெழுத்தைப் பொறுமையாக, எழுத்து எழுத்தாகப் போட்டுக்கொடுத்தான்.

பிறகு சுப்பராயலு தன் காரையே கொண்டுவந்து நிறுத்தினார்.

"மாசிலாமணி, ஏறுப்பா. பேஜாரு பண்ணாத."

"நீங்க போங்க ரெட்டியாரே. எங்க டாக்டரு வர்றா."

"யாரு இல்லன்னது? டாக்டராவே இருந்துட்டுப் போவட்டும். நீ மொதல்ல ஏறு!"

"தங்கச்சிய டாக்டருன்னு சொல்லிட்டு இவன் கவர்மென்ட்டு ஆஸ்பத்திரி வரிசையில நிக்கறான்னு நாளைக்கி நீங்களே பேசுவீங்க."

சுப்பராயலு வண்டியின் என்ஜினை அணைக்காமல் அங்கேயே நின்றார்.

லூர்துமேரி வந்து சேர்ந்தபோது மணி பன்னிரண்டே கால். களத்துமேட்டில் வேப்பமர நிழலில், பிடுங்கிய மல்லாட்டைக் குவியலுக்குப் பக்கத்தில் அவனைப் படுக்கவைத்திருந்தார்கள். வெயிலுக்குக் குவியலை மூடியிருந்தது அந்தப் பழைய பிளெக்ஸ். வெளுத்துப்போன அவள் முகம் வானத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. அவள் அதைப் பார்த்தாளோ இல்லையோ, அண்ணனின் மணிக்கட்டைத்தான் பிடித்தாள். நாடி நூலாக ஓடியது. கை கால் சில்லென்று இருந்தது.

"வந்துட்டியா?" என்று மாசிலாமணி சிரித்தான். "பாத்துச் சொல்லும்மா. இவங்க எல்லாம் பயமுறுத்தறாங்க."

"அண்ணா, எழுந்திருக்காத. தூக்குங்க, கார்ல ஏத்துங்க, ஜல்தி!"

அவள் சொன்னதும் அவன் ஒரு வார்த்தை மறுக்கவில்லை. பிள்ளை மாதிரி தன்னை ஒப்புக்கொடுத்தான். ஐந்து மணி நேரம் இந்த ஒரு சொல்லுக்குத்தான் காத்திருந்தான்.

திண்டிவனத்தில் ஒரு நிமிஷம்கூட வீணாக்காமல் பார்த்தார்கள். ஈசிஜி தாளை லூர்துமேரி வாங்கிப் பார்த்தாள். டாக்டர் வாயைத் திறப்பதற்கு முன்பே அவளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. கொடுக்கவேண்டிய மாத்திரைகளைக் கொடுத்து, பிரஷர் ஏற மருந்து ஏற்றி, முண்டியம்பாக்கம் பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே கொண்டுபோகச் சொல்லி ஆம்புலன்சில் ஏற்றினார்கள். மலர்விழி கால்மாட்டில் உட்கார்ந்தாள். லூர்துமேரி தலைமாட்டில் நின்று ஆக்சிஜனைச் சரிபார்த்தாள், மருந்து இறங்குவதைக் கணக்குப் பார்த்தாள். ஆம்புலன்ஸ்காரர் அவள் கை ஓடுவதைப் பார்த்துக் கேட்டார்:

"மேடம், நீங்க டாக்டரா?"

அவள் வாயைத் திறந்தாள். மாசிலாமணியின் கண் அவள்மேலேயே இருந்தது. முகமூடியை ஒரு விரலால் விலக்கி அவன்தான் பதில் சொன்னான்.

"டாக்டருப்பா. என் தங்கச்சி."

லூர்துமேரி முகமூடியை எடுத்து அவன் வாயில் மறுபடி பொருத்தினாள்.

கூட்டேரிப்பட்டு தாண்டியதும் திரையில் ஓடிக்கொண்டிருந்த கோடு கலைந்து நடுங்கியது. அவள் கட்டிலின்மேல் ஏறி மண்டியிட்டு நெஞ்சை அழுத்தத் தொடங்கினாள். ஷாக் கொடுத்தார்கள். மறுபடி அழுத்தினாள். மறுபடி ஷாக். படிப்பு என்னவெல்லாம் சொல்லிக்கொடுத்ததோ அத்தனையும், ஒன்றும் தப்பாமல், வரிசை மாறாமல் செய்தாள். விக்கிரவாண்டி சுங்கச்சாவடி போனது. முண்டியம்பாக்கம் வாசலில் ஸ்ட்ரெச்சரை இறக்கும்போதும் அவள் கை நிற்கவில்லை. உள்ளே இருந்த டாக்டர் அரைமணி நேரம் பார்த்துவிட்டு அவள் தோளைத் தொட்டு, "போதும் சிஸ்டர்" என்றார்.

அவர் சரியாகத்தான் கூப்பிட்டார்.

மறுநாள் அடக்கம். கண்ணீர் அஞ்சலி பிளெக்ஸ் வைக்கவேண்டும், ஊரில் இப்போது அதில்லாமல் சாவு இல்லை. தேவா செங்கல்பட்டிலிருந்து வந்துவிட்டான். கடைக்காரன் போனில் கேட்கக் கேட்கப் பெயர்களைச் சொல்லிக்கொண்டு வந்தான். அதே இருபத்து மூன்று பேர், ஒரு பெயர் மட்டும் கீழேயிருந்து மேலே படத்துக்குப் போக, படத்தில் இருந்தவள் பெயர் கீழே வந்துவிட்டது.

"தங்கை டாக்டர் லூர்துமேரி" என்று தேவா சொன்னபோது, சுவர் ஓரமாக உட்கார்ந்திருந்த லூர்துமேரி தலையைத் தூக்கினாள்.

"டாக்டருன்னு போட வேணாம். நர்ஸுன்னு போடு."

தேவா மலர்விழியைப் பார்த்தான்.  

"போடட்டும் மேரி. கடசியா அவரு வாய்ல வந்த வார்த்த அதுதான். நீயும் கேட்டுக்கினுதான இருந்த?"

"கேட்டுக்கினுதான் அண்ணி இருந்தேன். அந்த ஒரு வார்த்தைக்காவத்தான் அண்ணன் அஞ்சு மணி நேரம் அந்த மரத்தடியில கெடந்தாரு."

"அப்ப அவரு சொன்னது பொய்யா?"

லூர்துமேரி தலையைத் திருப்பினாள். வாசலில் சுப்பராயலு துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றிருந்தார். உள்ளே வரவில்லை.

"அவரு பொய் சொல்லல அண்ணி. நான்தான் ரெண்டு வருசமா உண்மையச் சொல்லாம விட்டேன். மொகம் வாடிடுமேன்னு விட்டேன்."

மலர்விழி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதாள். பிறகு, யாரைப் பார்த்தும் இல்லாமல், "மேரி சொன்னபடியே போடச் சொல்லு தேவா" என்றாள்.

சுப்பராயலு வாசலில் நின்றபடியே சொன்னார்: "டீக்கடையில நான் அன்னிக்கி அப்படிக் கேட்டிருக்கக் கூடாதும்மா."

"நீங்க கேட்டது சரிதானுங்க. பதில் சொல்லவேண்டியவ நானு" என்றாள் லூர்துமேரி.

முப்பதாம் நாள் பூசை முடித்துவிட்டு அவள் கல்லூரிக்குத் திரும்பினாள். ஆய்வுக்கு இன்னும் பத்தொன்பது பேர் பாக்கி. பிரபாவதி மேடத்திடம் தயங்கித் தயங்கிக் கேட்டாள், அண்ணனைச் சேர்த்துக்கொள்ளலாமா என்று. மேடம் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். ஆய்வு செய்கிறவருடைய சொந்தக்காரரைச் சேர்க்கக் கூடாது, நோயாளியே வாய்திறந்து பதில் சொல்லியிருக்கவேண்டும் என்று விதி இருக்கிறது என்றார். "ஆனா கேள்வித்தாளத் திருத்தணும்னா, கமிட்டில அனுமதி வாங்கித் தரேன்."

அனுமதி வந்தது. காரணங்களுக்குக் கீழே இன்னொரு கட்டம் சேர்ந்தது. வீட்டில் மருத்துவம் தெரிந்த ஒருவர் வந்து பார்க்கட்டும் என்று காத்திருந்தோம். அந்த வரியை அவள் நாலைந்து விதமாக எழுதி அடித்து, கடைசியில் இப்படி வைத்தாள்.

ஆடி மாதம் ஒருநாள் வெள்ளிமேடுபேட்டைப் பக்கமிருந்து கண்ணையன் என்று ஒருவரைக் கொண்டுவந்தார்கள். ஒன்பது மணி நேரம் தாமதம். பிழைத்துக்கொண்டார். மூன்றாம் நாள் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தவரிடம், லூர்துமேரி தாளை எடுத்துக்கொண்டு போய் ஸ்டூலில் உட்கார்ந்தாள். ஏன் உடனே வரவில்லை என்று கேட்டாள். அவர் சொல்லக் கூச்சப்பட்டார். பக்கத்தில் நின்ற மனைவிதான் சொன்னாள்.

"எங்க மருமவ நர்ஸு, மெட்ராஸ்ல. அவ போன் எடுக்கட்டும்னு இருந்தோம்மா. அவ எடுக்கல. அவ மேலயும் தப்பு இல்ல, டூட்டில இருந்திருக்கா. இப்ப வந்து ஒரே அழுவ, வெளியத்தான் நிக்கிறா."

லூர்துமேரி புதிய கட்டத்தில் டிக் போட்டாள். மீதிக் கேள்விகளை வரிசையாகக் கேட்டு எழுதினாள். தாளை மடித்துக் கோப்பில் வைத்தாள். பிறகு எழுந்து, ஐசியுவின் கதவைத் தள்ளிக்கொண்டு, அந்தப் பெண் எங்கே நிற்கிறாள் என்று பார்க்கப் போனாள்.